நசரத்பேட்டையின் இரண்டு நால்வளையன்கள்

பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டையில் நெடுஞ்சாலைக்குப் பின்னால் ஒரு புல்வெளி இருக்கிறது. புல்வெளி என்பது பட்டாம்பூச்சி பார்க்க வருபவர்கள் வைத்த பெயர். விற்க வந்தவர்கள் அதை மனைப்பிரிவு என்றார்கள். வெள்ளையடித்த எல்லைக் கற்களை நட்டு, நடுவில் ஒரு கப்பிச் சாலையும் போட்டார்கள். பிறகு ஏதோ வழக்கில் மாட்டி இடம் அப்படியே கிடக்கிறது. பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒன்றில் அந்தச் சாலையின் நடுவே நின்ற ஷரீஃபுன்னிசாவுக்கு ஒரு விஷயம் பிடிபடவே இல்லை.

சாலைக்குத் தெற்கே பறந்த நால்வளையன்களின் பின்னிறகில் கண்கள் பெரிதாக இருந்தன. வடக்கே பறந்தவற்றில் கண்களே இல்லை. அவை இருக்க வேண்டிய இடத்தில் ஊசியால் குத்தினாற்போல் புள்ளிகள் மட்டும். ஒரே காலை, ஒரே வெயில். நடுவே ஒரு லாரி போகும் அகலம்.

நால்வளையன் என்பது புல்லின் உயரத்தைத் தாண்டாமல் தத்தித் தத்திப் பறக்கும் சின்னப் பழுப்புப் பட்டாம்பூச்சி. அழகுக்காக யாரும் அதைத் தேடிப் போவதில்லை. இறகை மூடி உட்கார்ந்தால் முன்னிறகில் பெரிய கண் ஒன்று தெரியும்: மஞ்சள் வளையம், உள்ளே கறுப்பு, கறுப்புக்குள் வெள்ளிப் பொட்டு. பின்னிறகில் சின்னக் கண்கள் நான்கு. மேல் மூலையில் ஒன்று தனியாக, கீழே மூன்று சேர்ந்தாற்போல். இந்த ஒன்றும் மூன்றும்தான் அதன் அடையாள அட்டை. மழைக்காலத்தில் பிறப்பவற்றுக்கு இந்தக் கண்கள் பெரிதாக இருக்கும், வறண்ட காலத்தில் பிறப்பவற்றுக்குப் புள்ளியாகச் சுருங்கிவிடும். கையேடு படித்த எவருக்கும் இது தெரியும். ஆனால் பருவம் என்பது ஊருக்கே பொதுவானது. சாலைக்குத் தெற்கே மழைக்காலமும் வடக்கே கோடையும் ஒரே நாளில் எப்படி இருக்கும்?

"ரோட்டைத் தாண்டுதா பாருங்க மேடம். தாண்டாது," என்றார் எட்மண்ட்.

எட்மண்ட், ஷரீஃபுன்னிசா சேர்ந்திருந்த பட்டாம்பூச்சி ஆர்வலர் வட்டத்தின் தலைவர். டயர் கம்பெனியொன்றில் விற்பனை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். டயர் விற்ற குரலை மாற்றாமலே பட்டாம்பூச்சிக்கு வந்துவிட்டார். அவருடைய லென்ஸ் முழங்கை நீளம் இருக்கும். அந்த நீளத்துக்கு அறிவும் தானாகச் சேர்ந்துவிட்டது என்பது அவர் நம்பிக்கை.

"இது தெக்கு வகை, அது வடக்கு வகை. வடக்கு வகை எந்த புக்லயும் கெடையாது. நம்ம ஏரியாவுக்கே சொந்தமான வட்டார வகை. நசரத்பேட்டை வெளிர் வளையன்!"

"அண்ணாத்தே பேரே வச்சிட்டாரு பாத்தியாக்கா," என்றான் யூஜின். எட்மண்டின் கேமரா முக்காலியைத் தூக்கிவருவதுதான் வட்டத்தில் அவன் செய்யும் ஆராய்ச்சி. வயது நாற்பது ஆகிறது. "பூந்தமல்லி எங்க கீதுன்னு கேட்டவன்லாம் இனிமே தேடிகினு வருவான்."

"ஒரு பூச்சி இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் போக அரை நிமிஷம் ஆவுமா சார்? இதுல வகை எப்படிப் பிரியும்?" என்று ஷரீஃபுன்னிசா கேட்டாள்.

"அப்ப நீங்களே சொல்லுங்க. இன்னா காரணம்?"

எட்மண்ட் சிரித்தார். பதில் இல்லாதவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கு அவர் என்றைக்கும் கஞ்சத்தனம் காட்டியதில்லை.

வட்டார வகை என்றால் என்னவென்று இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரே இனத்துப் பூச்சிகள் மலையோ கடலோ குறுக்கே வந்து பிரிந்து, ஒன்றோடொன்று கலக்காமல் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தால், மெல்ல மெல்லத் தோற்றம் மாறும். அந்த மாற்றம் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் இறங்கும். நால்வளையனுக்கு வெள்ளை நால்வளையன் என்று ஒரு நெருங்கிய சொந்தம் உண்டு. அதன் பின்னிறகின் வெளிப்பாதி சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்திருக்கும். இந்த மாதிரிச் சொந்தங்களைத் தனி இனம் என்பதா, வட்டார வகை என்பதா என்று விவரம் தெரிந்தவர்களே தடுமாறுவார்கள். பெட்டி பெட்டியாக இறகுகளைப் பார்த்த பிறகும் தயங்குவார்கள். எட்மண்டுக்கு ஒரு கப்பிச் சாலை போதுமாக இருந்தது. தெருவுக்குத் தெரு சாதி பிரித்துப் பழகிய ஊர், பூச்சிக்கு மட்டும் விதிவிலக்கு கொடுக்குமா?

வட்டத்தின் மற்றவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. படம் எடுத்தால் பூச்சி உட்கார்ந்திருந்த இடத்தை வரைபடத்தில் குறிக்க வேண்டும். இவர்கள் வண்டி நிறுத்திய இடத்தைக் குறித்தார்கள். ஆகவே வட்டத்தின் வரைபடப்படி, சென்னீர்குப்பம் முதல் ஆவடி வரை எல்லாப் பட்டாம்பூச்சிகளும் டீக்கடை வாசலிலேயே குடும்பம் நடத்துகின்றன. இந்த வரைபடத்தை வைத்துத்தான் ஒரு கையேடு அச்சாகப் போகிறது. அதில் புல்வெளிப் பூச்சிகள் என்ற அத்தியாயம் மட்டும் ஷரீஃபுன்னிசா எழுதியது. ஒவ்வொரு புல்லுக்குப் பக்கத்திலும் முட்டி போட்டு எழுதியது. அவள் அச்சில் பார்க்கப்போகும் முதல் எழுத்தும் அதுதான்.

"ஈஸ்டர் முடிஞ்சதும் பிரஸ்ஸுக்குப் போவுது," என்றார் எட்மண்ட். "அதுக்குள்ள காரணம் குடுத்தீங்கன்னா போட்றேன். இல்லன்னா வெளிர் வளையன் உங்க அத்தியாயத்துல, உங்க பேர்ல வரும்."

"என் பேர்ல நான் எழுதாதது எப்படி சார் வரும்?"

"வேணான்னா சொல்லுங்க, பேரை எடுத்துடலாம். யூஜின் பேரைப் போட்டுக்கறோம்."

யூஜின் வெட்கப்பட்டான். அந்துப்பூச்சிக்கும் பட்டாம்பூச்சிக்கும் வித்தியாசம் கேட்டால் "அது நைட்டு டூட்டி" என்று சொல்லக்கூடியவன் அவன்.

கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு ஷரீஃபுன்னிசா பொறுப்பாளர். அந்த வாரம் அங்கே ஒரு தகராறு வந்தது. ஒரு பெரியவருக்கு வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்திருந்தார்கள். சர்க்கரை மிகக் குறைவாகக் காட்டியது. பெரியவரின் மகன் நம்பாமல் அவரைக் கூடத்துக்கே அழைத்து வந்து மறுபடி எடுக்கச் சொன்னான். இப்போது அளவு ஏறியிருந்தது.

"ரத்தம் மாறிப்போச்சு மேடம்," என்றான் ரத்தம் எடுத்துவரும் சண்முகசுந்தரம். "ரெண்டும் ஒரே ஆளோடது இல்ல. சத்தியமா."

"வீட்ல எடுத்தத எதுல போட்ட?"

"செவப்பு மூடி டியூப்புல."

"எடுத்துட்டு நேரா இங்க வந்தியா?"

சண்முகசுந்தரம் தலையைச் சொறிந்தான். "வழியில இன்னும் நாலு ஊடு இருந்துச்சு. வண்டி டிக்கில தான் வச்சிருந்தேன்."

எடுத்த பிறகும் ரத்தத்தில் இருக்கும் அணுக்கள் உயிரோடுதான் இருக்கும். குழாய்க்குள்ளேயே சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். அதைத் தடுக்கும் மருந்து சாம்பல் மூடிக் குழாயில் உண்டு, சிவப்பு மூடியில் கிடையாது. வெயிலில் சூடான வண்டிப் பெட்டியில் ஊர் சுற்றிய ரத்தம் சர்க்கரையைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறது. ஷரீஃபுன்னிசா அவனைத் திட்ட வாயெடுத்தாள். "ரெண்டு ஆள் இல்லடா. ஒரே ஆளோட ரத்தத்த ரெண்டு விதமா வச்சிருக்க." சொல்லி முடித்ததும் திட்டுவதை நிறுத்திவிட்டாள். தப்பித்தோம் என்று சண்முகசுந்தரம் நழுவினான்.

இரண்டு முடிவுகள் வந்தால் இரண்டு ஆட்கள் என்று ஏன் தொடங்க வேண்டும்? இரண்டையும் எங்கே, எதில் வைத்திருந்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். பூச்சிக்கும் அதே கேள்விதான்.

அடுத்த நாள் காலை வேலைக்குப் போகும் வழியில் நசரத்பேட்டைக்குப் போனாள். வட்டத்தில் யாரும் அந்த இடத்தை வேலை நாளில் பார்த்ததே இல்லை. இயற்கையை ஞாயிற்றுக்கிழமை காலை டிபனுக்கு முன்னால் பார்த்து முடிப்பது அவர்கள் வழக்கம். தெற்குப் பக்கத்தை ஒட்டி அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அதன் சுற்றுச்சுவரில் ஒரு குழாய் வழியாகச் சுத்திகரித்த கழிவுநீர் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த நீரைத் தங்கள் செடிகளுக்கு ஊற்றினால் நாறும் என்று குடியிருப்போர் சங்கம் முடிவு செய்து, அடுத்தவன் நிலத்துக்குத் தானம் கொடுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பம்ப் ஆளுக்கு விடுமுறை. அன்றைக்குக் குழாய் காய்ந்திருக்கும். தெற்கே புல் பச்சையாக இருப்பதற்குச் சுவரின் நிழல்தான் காரணம் என்று எல்லோரும், ஷரீஃபுன்னிசா உட்பட, நினைத்திருந்தார்கள்.

நின்ற இடத்திலிருந்தே எட்மண்டுக்குப் போன் போட்டாள்.

"தண்ணியா?" என்றார் எட்மண்ட். "ரொம்ப நல்லது. ஈரம் புடிக்கிற வகை ஈரத்துல இருக்கு, காஞ்ச எடம் புடிக்கிற வகை காஞ்ச எடத்துல இருக்கு. நான் சொன்னதுக்கு இது இன்னொரு சாட்சி. தேங்க்ஸ் மேடம்." வைத்துவிட்டார்.

எரிச்சலாக இருந்தது. அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்ததுதான் கூடுதல் எரிச்சல். தண்ணீர் கண்களைப் பெரிதாக்கியிருக்கலாம். பெரிய கண் உள்ளவை தண்ணீரைத் தேடி வந்திருக்கவும் கூடும். புல்வெளியில் எத்தனை நாள் நின்று பார்த்தாலும் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பார்ப்பதால் தீராத சந்தேகம் இது. வளர்த்துப் பார்த்தால் தீரும். வட்டார வகை என்றால் எந்த இடத்தில் வளர்த்தாலும் பிள்ளை தாயைப் போலிருக்கும். பருவத்துச் சட்டைதான் என்றால் வளரும் இடத்தைப் போலிருக்கும்.

சாலையின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு பெண்பூச்சியைப் பிடித்து வந்தாள். அருகம்புல்லை மண்ணோடு பெயர்த்து, கொசுவலைத் துணியால் மூடி உள்ளே விட்டாள். கசகசாவைவிடச் சற்றுப் பெரிதாக, வெளிர்பச்சையில், தனித்தனி முட்டைகள் புல்லில் ஒட்டியிருந்தன. முட்டையிட்டதும் தாய்களைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டாள். ஒவ்வொரு தாயின் முட்டைகளையும் இரண்டு பங்காக்கினாள். ஒரு பங்கு, தினம் தண்ணீர் ஊற்றிய புல்லுக்கு. மறுபங்கு, வாடி விறைத்த புல்லுக்கு. புல் செத்துப்போகாத அளவுக்கு மட்டும் அதற்குத் துளித் தண்ணீர். ஆக மொத்தம் நான்கு பிளாஸ்டிக் தொட்டிகள், ஒரே பால்கனியில், ஒரே வெயிலில்.

நோன்பு தொடங்கியிருந்தது. விடியுமுன் சஹர் உணவுக்கு எழுந்த அவள் கணவன் ஜுல்ஃபிகர் பால்கனியைப் பார்த்து நின்றான். சோபா தைக்கும் கடை வைத்திருப்பவன்.

"இன்னா ஷரீஃபு, புல்லு நட்டு வச்சிகினு கீற? பக்ரீத் ஆட்டுக்கு இப்பவே தீனியா?"

"ஆடு இல்ல. புழு."

"புழுவுக்கா இந்நேரத்துல தண்ணி ஊத்துற?"

"ரெண்டு தொட்டிக்குத்தான் தண்ணி. மத்த ரெண்டும் நோன்பு."

"பாவம். அதுங்க எப்போ தொறக்கும்?"

"றெக்கை மொளச்சதும்."

"அந்த எட்மண்டு ஆளு சொல்றதையே போட்டுட்டுப் போயேன். படிக்கிறவன் எவன் வந்து எண்ணப்போறான்?"

"உன் கடையில தேக்குன்னு சொல்லி வேற கட்டை வச்சா எவன் துணிய கிழிச்சிப் பாக்கப்போறான்? நீ ஏன் வைக்கல?"

ஜுல்ஃபிகர் பேரீச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அன்றிலிருந்து தொட்டிப் பக்கம் வரும் பல்லியை விரட்டுவதை அவன் வேலையாக எடுத்துக்கொண்டான்.

பச்சைத் தொட்டிகளில் புழுக்கள் மளமளவென்று வளர்ந்தன. பச்சைப் புல்லில் பச்சைப் புழு, பின்பக்கம் இரண்டு சின்ன முனைகள். தேடினால்தான் தெரியும். வாடிய தொட்டிகளில் புழுக்கள் விறைத்த புல்லை வேண்டாவெறுப்பாகக் கடித்துக்கொண்டிருந்தன. பல செத்தன. நோன்புப் பெருநாள் முடிந்து சில நாளில் பச்சைத் தொட்டிப் பூச்சிகள் வெளிவந்தன. தெற்குத் தாயின் பிள்ளைகளுக்குப் பெரிய கண்கள். வடக்குத் தாய்க்கு வெறும் புள்ளிகள்தான் இருந்தன. அவள் பிள்ளைகளுக்கும் பெரிய கண்கள்.

படங்களை எட்மண்டுக்கு அனுப்பினாள். மாலையில் யூஜினோடு கூடத்துக்கே வந்துவிட்டார். தவக்காலம் என்பதால் இறைச்சியை விட்டிருந்தார். பேச்சை விடவில்லை.

"மேடம், தாய் வடக்கு. தகப்பன் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? தெக்குக்காரன் எவனாவது ரோடு தாண்டி வந்திருந்தான்னா?"

"கலப்புக் கல்யாணம்க்கா," என்றான் யூஜின். "புள்ள அப்பன் ஜாடை."

"போன மாசம் ரோடு தாண்டாதுன்னீங்களே சார்."

"ஒன்னு ரெண்டு தாண்டும். அதெல்லாம் கணக்குல வராது."

தன் வகையையே தன் வாயால் கலைத்துவிட்டது அவருக்கு உறைக்கவில்லை. ஆனாலும் கேள்வி சரியான கேள்வி. வாழ்நாளில் ஒருமுறை சரியாகக் கேட்டுவிட்டு, அது ஏன் சரி என்று தெரியாமல் நின்றார். தகப்பன் யாரென்று ஷரீஃபுன்னிசாவுக்குத் தெரியாதுதான். பச்சைத் தொட்டிகளை மட்டும் வைத்து அவர் வாயை அடைக்க முடியாது.

"இன்னும் ரெண்டு தொட்டி பாக்கி இருக்கு," என்றாள்.

"திங்கக்கிழமை பிரஸ் மேடம். புழுவுக்காக மெஷின் நிக்காது. வெளிர் வளையன்னு பேர் போட்டு பேனரும் ரெடி."

விஷயம் இப்போது வாடிய தொட்டிகளில் இருந்தது. பச்சைத் தொட்டியில் வளர்ந்ததும் வாடிய தொட்டியில் வளர்வதும் ஒரே தாயின் முட்டைகள். தகப்பன் எவனாக இருந்தாலும் இரண்டு தொட்டிக்கும் அவனே தகப்பன். தகப்பன்தான் கண்ணைக் கொடுத்தான் என்றால் வாடிய தொட்டியிலும் பெரிய கண்கள் வர வேண்டும். தெற்குத் தாயின் முட்டைகளும் வாடிய தொட்டியில் இருந்தன. தாய் வழியில் கண் வருகிறது என்றால் அவற்றுக்கும் பெரிய கண்தான். வாடிய தொட்டிகள் இரண்டிலும் புள்ளிகள் வந்தால், தாயும் காரணமில்லை, தகப்பனும் காரணமில்லை.

ஆனால் வர வேண்டுமே. செத்தவை போக, வடக்குத் தாயின் பங்கில் மூன்று கூட்டுப்புழுக்கள் தொங்கின. தெற்குத் தாயின் பங்கில் இரண்டு. அவற்றில் ஒன்று கறுத்துச் சுருங்கிவிட்டது. மிஞ்சிய ஒன்று பொய்த்தால், கேள்வியின் பாதி அப்படியே நிற்கும். அந்தப் பாதியில் எட்மண்ட் தன் பேனரைக் கட்டிவிடுவார்.

பெரிய வெள்ளியன்று வடக்குத் தாயின் மூன்றும் வெளிவந்தன. மூன்றிலும் புள்ளிகள். பச்சைத் தொட்டியில் வளர்ந்த உடன்பிறப்புகளுக்குப் பெரிய கண்கள், இவற்றுக்குப் புள்ளிகள். தகப்பன் கதை அதோடு முடிந்தது. தெற்குத் தாயின் கூடு அசையாமல் தொங்கியது.

மறுநாள் காலை ஜுல்ஃபிகர் பால்கனியிலிருந்து கத்தினான். "ஷரீஃபு, ஓடியா! உன் கடைசி ஆளு வந்துகினு கீறான்!"

ஈரமாக, கசங்கிய துணிபோல் சுருண்டிருந்த இறகு மெல்ல விரிந்தது. பூச்சி காலியான கூட்டைப் பிடித்துத் தொங்கியபடி இறகுக்குள் ரத்தத்தைச் செலுத்தியது. விரிந்து நிமிர்ந்து, இறகுகள் மூடின. ஷரீஃபுன்னிசா கைக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். முன்னிறகில் பெரிய கண் ஒன்று. பின்னிறகில் மேல் மூலையில் ஒரு புள்ளி, கீழே மூன்று புள்ளிகள்.

"இன்னாவாம்?" என்றான் ஜுல்ஃபிகர்.

"ஆத்தாளுக்குப் பெரிய கண்ணு. இதுக்கு வெறும் புள்ளி."

"அப்ப அந்த ஆளு?"

"பேனர உன் கடையில குடுக்கச் சொல்லு. சோபாவுக்கு அடியில தைக்கலாம்."

அவள் எழுதிய பத்தியும் நான்கு தொட்டிகளின் படங்களும் வட்டத்தின் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தன. எட்மண்டுக்கு மட்டும் அனுப்பினால் அதன் கதி என்னவாகும் என்று அவளுக்குத் தெரியும். எட்மண்டிடமிருந்து, "ஓகே. உங்க பத்தியே போவுது" என்று வந்தது. அந்தப் பத்தி இது:

"நசரத்பேட்டையில் இருப்பது ஒரே நால்வளையன். வட்டார வகை ஏதுமில்லை. புழு பசும்புல்லைத் தின்று வேகமாக வளர்ந்தால் பூச்சியின் பின்னிறகில் பெரிய கண்கள் வருகின்றன. வாடிய புல்லைத் தின்று மெதுவாக வளர்ந்தால் அதே இடத்தில் புள்ளிகள் வருகின்றன. சாலையின் தென்பக்கம் குழாய் நீரால் ஆண்டு முழுதும் பசுமையாக இருப்பதால் அங்கே வறண்ட காலத்திலும் மழைக்கால உருவம் பிறக்கிறது. அடையாளம் காணும்போது கண்ணின் அளவைப் பார்க்க வேண்டாம், அது இறகில் இருக்கும் இடத்தைப் பாருங்கள். பின்னிறகின் மேல் மூலையில் ஒன்று, கீழே மூன்று. கண்ணோ புள்ளியோ, இந்த அமைப்பு இருந்தால் அது நால்வளையன். சந்தேகம் வந்தால் ஒரு தாயின் முட்டைகளை இரண்டாகப் பிரித்து, பாதியைப் பசும்புல்லிலும் பாதியை வாடிய புல்லிலும் வளர்த்துப் பாருங்கள்."